ஐபிஎம் போனதும் ஐபிஎம் வந்ததும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிப் பாதிச் சுமையை இறக்கி வைத்த எங்கள் அணி அக்கா அவர்களே, உடன்குடி வட்டாரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, நாளைப் பரீட்சையை மறந்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

‘ஆயிரம் கோடிக்கு அதிபதியாகப் பெரிதும் கைகொடுப்பது உழைப்பா, அதிர்ஷ்டமா?’ இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. உழைப்பே என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். அவருக்கு ஒதுக்கியது பத்து நிமிடம், பேசியது பதினேழு. நடுவர் ஐயா அந்த நேரம் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்ததால் மணி அடிக்கவில்லை. உழைப்பை மட்டுமே நம்புகிற அண்ணனுக்கு அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

ஆள்வினையுடைமையிலிருந்து இரண்டு குறள் சொன்னார். பதிலுக்கு ஊழ் அதிகாரத்திலிருந்து நான் நான்கு சொல்லலாம். வள்ளுவர் இரண்டு பக்கத்துக்கும் பத்துப் பத்தாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த வழியில் போனால் விடிந்துவிடும். அதனால் நான் குறளைத் தொடவில்லை. கணக்குக்கு வருகிறேன்.

கடன் இல்லாத வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு, பஜாரில் இரண்டு கடை. இதெல்லாம் உழைப்பால் வரும். அதில் எங்கள் அணிக்குச் சண்டையே கிடையாது. ஆனால் தலைப்பு கடையைப் பற்றியது இல்லை, ஆயிரம் கோடியைப் பற்றியது. சரி, ஒருவர் தினமும் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லீவு கிடையாது, சாப்பாட்டுச் செலவு கிடையாது, கல்யாணம் காட்சிக்கு மொய் கிடையாது. ஒரு கோடி சேர 27 வருஷம் ஆகும். ஆயிரம் கோடி சேர 27,000 வருஷம்! நம் ஆதிச்சநல்லூர் தாழிகளின் காலத்தில், சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் இன்றைக்கு 110 கோடியில்தான் நிற்பார். கூலியைப் பத்து மடங்காக்குங்கள், அப்போதும் 2,700 வருஷம் வேண்டும். இப்படி உழைப்பை நாள்கணக்கில் அடுக்கி அடுக்கி அந்த உயரத்துக்கு யாரும் போக முடியாது. போனவர்கள் வேறு ஏதோ ஒரு வழியில்தான் போயிருக்கிறார்கள்.

உழைப்பைப் பற்றி இந்த ஊருக்கு வந்து பாடம் நடத்துவதற்கே ஒரு தைரியம் வேண்டும், அண்ணனுக்கு அது நிறையவே இருக்கிறது. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர் இது. விடியும் முன்னால் எழுந்து, காலில் தளை மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டி, முருக்குத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற பனையேறியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். காலையில் ஏறிக் கலயத்துப் பதநீரை இறக்க வேண்டும். பொழுது சாய மறுபடி ஏறிப் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து ஊற்று நின்றுவிடும். அதனால் காய்ச்சலாக இருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். அவர் நெஞ்சில் இருக்கும் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தால் மரப்பட்டை மாதிரியே இருக்கும். அவர் வீட்டு அம்மா பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் புகையில் நின்று, பதநீர் பாகாகும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறார். உழைப்புதான் ஆயிரம் கோடியைத் தரும் என்றால், பணக்காரர் பட்டியலின் முதல் பக்கம் முழுக்க உடன்குடிக்காரர்கள் அல்லவா இருக்க வேண்டும்?

‘உழைப்பு மட்டும் போதாது தம்பி, அறிவோடு உழைக்க வேண்டும்’ என்று அண்ணன் அங்கிருந்து சைகை காட்டுகிறார். வருகிறேன், அதற்கும் வருகிறேன். பனையேறி முப்பது பனை ஏறினால் முப்பது பனைக்குத்தான் காசு. இன்னும் இரண்டு ஏறினால் இரண்டு பனைக்குக் கூடும், அவ்வளவுதான். இப்படி உழைப்பை எண்ணிக் கூலி தருகிற எந்தத் தொழிலிலும் ஆயிரம் கோடி கிடையாது. ஒருமுறை செய்ததைக் கோடி முறை விற்கிற தொழிலில்தான் அது இருக்கிறது. அங்கே முதலில் வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் திறமையில் நூலிழைதான் வித்தியாசம் இருக்கும். ஆனால் வருமானத்தில் ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு மிச்சம். அந்த நூலிழை எந்தப் பக்கம் அறுந்தது என்று தேடிப் போனால், அநேகமாக இவர்கள் இரண்டு பேருமே எடுக்காத ஒரு முடிவில் போய் நிற்கும். யாரோ, எங்கோ, வேறு எதற்காகவோ எடுத்த முடிவு.

அண்ணனின் பெரிய ஆயுதம் ஷிவ் நாடார். நம் மாவட்டத்துக்காரர், திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் 1945ல் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்தார், தில்லிக்குப் போய் டி.சி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தார், அதை விட்டுவிட்டு நண்பர்களோடு 1976ல் ஹெச்.சி.எல். கணினி நிறுவனத்தைத் தொடங்கினார். போட்ட முதல் 1,87,000 ரூபாய். உழைப்பாளி, துணிச்சல்காரர், இந்த மண்ணுக்குப் பெருமை. இதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அண்ணன் 1976ல் கதையை நிறுத்திவிட்டார். அடுத்து என்ன நடந்தது? அந்தக் காலத்தில் இந்தியாவில் கணினி என்றால் அமெரிக்க நிறுவனமான ஐபிஎம்தான். பழைய 1401 இயந்திரங்களைச் சீர்செய்து வாடகைக்கு விட்டே கொழித்த நிறுவனம். அதனோடு இரண்டு லட்ச ரூபாய்க்காரர் மோத முடியுமா?

இப்போது கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1975ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. அவசரநிலை வந்தது. 1977ல் தேர்தல் நடந்து ஜனதா கட்சி ஜெயித்தது. சிறையில் இருந்தபடியே முசாபர்பூரில் ஜெயித்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர் ஆனார். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்று 1973லேயே ஒரு அந்நியச் செலாவணிச் சட்டம் இருந்தது. அதில் புது அரசு கறாராக நின்றது. கோக்கோ கோலா மூட்டை கட்டியது. ஐபிஎம்மும் ஒப்புக்கொள்ளாமல் 1978ல் நாட்டை விட்டே போனது.

கணினி கேட்கிற ஆலையும் அலுவலகமும் அப்படியே இருந்தன, விற்கிறவன் மட்டும் இல்லை! கடை திறந்து இரண்டே வருஷம் ஆன நம் ஊர்க்காரருக்கு எதிரே இருந்த மலை, அவர் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் தானாக எழுந்து போய்விட்டது. அந்தக் காலி இடம்தான் வனஸ்பதியும் சோப்பும் விற்றுக்கொண்டிருந்த விப்ரோவையும் 1980களில் கணினிப் பக்கம் இழுத்து வந்தது. முசாபர்பூர் வாக்காளர்கள் ஓட்டுப் போடும்போது மூலைப்பொழிக்காரரை நினைத்தா போட்டார்கள்?

‘காலியான இடத்தில் எல்லோரும் நிற்கலாமே, அவர்தானே நின்றார்’ என்பீர்கள். நின்றவர்கள் நிறையப் பேர். ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான இ.சி.ஐ.எல். பொறியாளர்கள் ஹெச்.சி.எல். பிறப்பதற்கு முன்பே இங்கேயே கணினி செய்து காட்டியவர்கள். அறிவோடுதான் உழைத்தார்கள். மாதச் சம்பளம் வந்தது, ஓய்வும் பெற்றார்கள். நல்ல வாழ்க்கைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களில் யாரை வைத்து அண்ணன் இந்த மேடையில் பேசினார்?

அடுத்து பில் கேட்ஸ். ராத்திரி பகலாக கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தார் என்றார் அண்ணன். உண்மைதான். ஆனால் கிடப்பதற்கு முதலில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே! 1968ல் சியாட்டிலில் அவர் படித்த லேக்சைடு பள்ளியின் தாய்மார்கள் சங்கம் பழைய சாமான்களை விற்று, அந்தக் காசில் தொலைவில் இருக்கும் கணினியோடு போன் வழியாகப் பேசுகிற ஒரு டெலிடைப் கருவிக்கு ஏற்பாடு செய்தது. அப்போது அவர் எட்டாம் வகுப்பு. அதே வருஷம் இந்த ஊரில் எட்டாம் வகுப்புப் படித்த தாத்தாக்கள் கூட்டத்தில் இருப்பீர்கள். உங்கள் பள்ளியில் என்ன கருவி இருந்தது? பிரம்பா? லேக்சைடு இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டே இல்லை என்று 2005ல் அந்தப் பள்ளிக்குப் போய் அவரே சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு இருக்கிற தன்னடக்கம் அவருக்காக வாதாடுகிற எதிரணிக்கு இல்லை.

அதே பள்ளியில், அதே கருவி முன்னால் அவரோடு உட்கார்ந்தவர் கெண்ட் எவன்ஸ். நெருங்கிய நண்பர். கேட்ஸுக்கு இணையான மூளை, அவரைவிடப் பெரிய கனவு. 1972ல் மலையேற்றப் பயிற்சிக்குப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். வயது 17. இதில் உழைப்பு எங்கே குறைந்தது?

1980க்கு வருவோம். இந்தியாவை விட்டுப் போன அதே ஐபிஎம் இப்போது மேசைக் கணினி செய்யும் அவசரத்தில் கேட்ஸின் வாசலுக்கு வருகிறது. ஐபிஎம்மின் உச்சியில் இருந்த ஜான் ஓப்பெலும் கேட்ஸின் அம்மாவும் யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பின் குழுவில் சேர்ந்து இருந்தவர்கள் என்பதை நான் ஓரமாகத்தான் வைக்கிறேன். வந்தவர்கள் இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், வேண்டும் என்றார்கள். கேட்ஸிடம் அது இல்லை! ‘கேரி கில்டாலிடம் போங்கள்’ என்று அவரே வழி காட்டினார். கில்டால் கலிஃபோர்னியாவில் இருந்தவர், முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் காலத்துச் சிறு கணினிகளில் பரவலாக ஓடிய சிபி/எம் என்ற இயங்குதளம் அவர் எழுதியது. ஐபிஎம்காரர்கள் போனார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு கதை. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில் இழுபறியானது என்பது அநேகமாகச் சொல்லப்படுகிற கதை. பேச்சு முறிந்தது, ஐபிஎம் கேட்ஸிடமே திரும்பி வந்தது.

அப்போதாவது கேட்ஸ் உட்கார்ந்து எழுதினாரா? இல்லை. உள்ளூரில் இன்னொரு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்பவர் எழுதி வைத்திருந்ததை மொத்தம் 75,000 டாலருக்கு வாங்கி, மாற்றியமைத்துக் கொடுத்தார். அதை மற்ற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அது பெரிய சாமர்த்தியம், தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சாமர்த்தியம் பலிக்க வேண்டுமானால், மற்றவர்களும் அதே மாதிரிக் கணினி செய்ய முடிய வேண்டும். ஐபிஎம் அவசரத்தில் சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே செய்ததால்தான் அவர்களால் காப்பியடிக்க முடிந்தது. அதுவும் கேட்ஸ் எடுத்த முடிவு இல்லை. அப்புறம் எல்லாக் கணினியிலும் அது ஓடியதால் எல்லோரும் அதற்கே மென்பொருள் எழுதினார்கள், எல்லோரும் எழுதியதால் எல்லோரும் அதையே வாங்கினார்கள். 1995ல் ஃபோர்ப்ஸ் அவரை உலகின் முதல் பணக்காரர் என்றது.

கில்டால் தெருவுக்கு வந்துவிடவில்லை. தன் நிறுவனத்தை நல்ல விலைக்கு விற்று வசதியாகத்தான் இருந்தார், 1994ல் 52 வயதில் இறந்தார். அவருடைய உழைப்பும் அறிவும் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டன. அங்கிருந்து கேட்ஸ் நின்ற இடம்வரை உள்ள தூரத்துக்குத்தான் அண்ணன் கணக்குச் சொல்ல வேண்டும்.

பரம்பரைச் சொத்தைப் பற்றி எங்கள் அக்கா விரிவாகவே பேசிவிட்டார், நான் ஒரு வரி சேர்க்கிறேன். 2024 ஃபோர்ப்ஸ் பட்டியலில் 30 வயதுக்குள் இருந்த பில்லியனர்கள் அத்தனை பேரும் வாரிசுகள். நல்ல வீடு பார்த்துப் பிறந்ததைத் தவிர அதில் என்ன உழைப்பு என்று எனக்குப் புரியவில்லை. அந்த உழைப்பும் அவர்களுடைய அம்மாவுடையது.

‘அதிர்ஷ்டம் எல்லோர் கதவையும் தட்டும், விழித்திருப்பவன்தான் திறப்பான்’ என்று எதிரணித் தலைவர் முன்னுரையில் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, தட்டப்பட்டும் திறக்காதவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். விடிய விடிய விழித்திருந்தும் கடைசிவரை யாரும் தட்டாமல் போன வீடுகளை எந்தக் கல்லூரி பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறது? ஜெயித்தவர் மட்டும்தான் மேடைக்கு வருகிறார். வந்தவர் ‘நான் உழைத்தேன்’ என்கிறார். பொய் இல்லை. அவரைப் போலவே உழைத்த மற்ற ஆயிரம் பேருக்கு அங்கே மைக் கிடையாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா நன்றாகப் படித்தவர், நிதானமானவர். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். 1980ல் ஐபிஎம் கில்டாலின் கதவைத் தட்டிய நாளுக்கு முந்தின நாள்வரை, கேட்ஸிடம் இருந்த, கில்டாலிடம் இல்லாத உழைப்பு எது? பெயர் சொல்லுங்கள் அம்மா. சொல்லிவிட்டு அப்புறம் எத்தனை குறள் வேண்டுமானாலும் பாடுங்கள். நன்றி, வணக்கம்.