ஒற்றைச் சிகரெட்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மையார் அவர்களே, முதுமையையும் பாராமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மருத்துவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, தாய்மார்களே, வாசகர் வட்டத் தோழர்களே, வணக்கம்.

இன்று மே 31, உலகப் புகையிலை ஒழிப்பு நாள். சிகரெட் நுரையீரலை என்ன செய்கிறது, கடைகளில் அதை ஒற்றை ஒற்றையாக விற்பதை ஏன் நிறுத்த வேண்டும் என்ற இரண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நுரையீரலில் தொடங்குகிறேன். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. தூசியையும் சளியையும் இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பவை அவை. சிகரெட் புகை அவற்றை முடக்கிவிடுகிறது. தேங்கிய சளியை உடல் இருமித்தான் தள்ள வேண்டும். புகைப்பவர் வீட்டில் விடியற்காலையில் கேட்கும் இருமல் அதுதான். அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைவிப்பவை. 1950-லேயே பிரிட்டனில் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிவிட்டார்கள். தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!

என்னிடம் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சு. கபடியில் அவனைப் பிடிக்க ஆளில்லை. மாலையில் தந்தைக்குச் சிகரெட் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போவான். கடை வாசலில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று நுனியில் கனன்றபடி தொங்கும். ஒருநாள் மீந்த சில்லறையில் தனக்கும் ஒன்று வாங்கி, அந்தக் கயிற்றிலேயே பற்றவைத்தான். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தான். வயது நாற்பத்தாறு. என் வீட்டுப் படிகள் ஒன்பது. ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டான். பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டிய பிள்ளை! தண்ணீர் கொடுத்தேன். மூச்சு வந்ததும் சொன்னான்: “ஐயா, அன்றைக்கு முழுப் பெட்டிதான் தருவேன் என்று அவர் சொல்லியிருந்தால், என்னிடம் காசு இருந்திருக்காது.”

அன்றிலிருந்து இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன். சிகரெட்டை ஒற்றையாக விற்பதை நிறுத்துங்கள். பெட்டியின் முகத்தில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் 2016 முதல் கட்டாயம். ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை! பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருந்தும் ஒற்றை விற்பனை பிள்ளையின் கைக்காசுக்கு எட்டிவிடுகிறது. தொட்டில் பழக்கம் தொடங்கும் இடம் அதுதான். மகாராஷ்டிரம் 2020-ல் ஒற்றை விற்பனையைத் தடை செய்தது. நம்மால் முடியாதா?

வணிகர் சங்கப் பெரியவர்கள் என்மீது வருத்தப்படக் கூடாது. உங்கள் பிழைப்பைக் கெடுக்க வரவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளும் அதே பள்ளிக்குத்தானே போகிறார்கள்?

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணமில்லை. வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள், வட்டாட்சியர் அம்மையார் இங்கேயே பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார். முதல் கையெழுத்து அந்த மாணவனுடையது. வணக்கம்.