பெயர் கேட்ட அண்ணனுக்கு

நடுவர் அவர்களே, அரங்கம் நிறைந்த உறவுகளே, வணக்கம். அமெரிக்காவை உருவாக்கியது தலைவர்களா, சாதாரண மக்களா? மக்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் இறங்கும்போது ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். "நாங்கள் வாஷிங்டன், லிங்கன் என்று பெயர் சொல்கிறோம். நீங்கள் மக்கள், மக்கள் என்று மொட்டையாகச் சொல்கிறீர்கள். ரேஷன் கார்டில்கூடப் பெயர் இருக்கும், உங்கள் ஆட்களுக்கு அதுவும் இல்லையே!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, கொண்டுவந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1862-ல் லிங்கன் கையெழுத்துப் போட்டார், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை வந்தது என்றார் அண்ணன். கையெழுத்துப் போட்டார், மறுக்கவில்லை. சியரா நெவாடா மலை அந்தக் கையெழுத்தைப் பார்த்து வழிவிட்டதா? கருங்கல் மலை ஐயா! நாளுக்கு ஓரடி குடைந்தாலே பெரிது. பனிச்சரிவு வந்தால் ஆட்களைக் கூடாரத்தோடு அள்ளிக்கொண்டு போகும். அதைக் குடைந்தவர்கள் சீனாவின் குவாங்டோங்கிலிருந்து வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூலியாட்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சாப்பாடும் சேர்த்துச் சம்பளம். இவர்களுக்குச் சம்பளமும் குறைவு, சாப்பாடும் சொந்தச் செலவு. 1867-ல் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மலைமேல் போகிற உணவை நிறுத்தியே கம்பெனிக்காரர்கள் அதை முறித்தார்கள்.

இப்போது 1869 மே 10-க்கு வாருங்கள். யூட்டாவில் பிராமன்டரி உச்சி. இரண்டு எஞ்சின்கள் எதிரெதிரே நிற்கின்றன. கடைசி ஆணி தங்கத்தில்! அதை அடிக்க வருகிறார் ரயில் கம்பெனித் தலைவர், கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர், லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட். தந்திக் கம்பி காத்திருக்கிறது. நாடே காத்திருக்கிறது. சம்மட்டியைத் தூக்கினார்... ஓங்கினார்... அடித்தார்...

ஆணியில் படவில்லை!

இன்னொரு தடவை சொல்லட்டுமா? பத்தாயிரம் பேர் வருஷக்கணக்கில் அடித்த பாதையில் தலைவர் அடித்தது ஒரே ஒரு அடி. அதுவும் குறி தவறியது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். ஆனாலும் தந்திக்காரர் "முடிந்தது" என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அப்புறம் தங்க ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். ரயிலைத் தாங்கியது இரும்பு ஆணி, அண்ணே. இரும்பு ஆணி!

பெயர் எங்கே என்று கேட்டீர்கள். கம்பெனியின் சம்பளக் கணக்கில் பெரும்பாலும் மேஸ்திரி பெயரை மட்டும்தான் எழுதினார்கள். அவனுக்குக் கீழே வேலை செய்தவன் வெறும் எண்ணிக்கை. அவனுக்குப் பெயர் இல்லாமல் இல்லை, எழுதத்தான் ஆள் இல்லை. அப்படியும் மூன்று பெயர் தப்பியிருக்கிறது. கடைசித் தண்டவாளத்தைத் தூக்கி வைத்த சீனர் எட்டுப் பேரில் மூவர், ஐம்பது வருஷம் கழித்து 1919-ல் கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் நடந்த பொன்விழா ஊர்வலத்தில் கிழவர்களாக வந்தார்கள். கிங் சூயி. வோங் ஃபுக். லீ ஷாவ். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. இடையில் 1882-ல் சீனத் தொழிலாளி இனி வரவே கூடாது என்று அந்த நாடு சட்டம் போட்டது. அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் ஐயா. செத்தால் எலும்பாவது சொந்த மண்ணுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். 1870-ல் அதே பாதையில் ஒரு ரயில் எலும்புகளை ஏற்றி வந்தது. சுமார் 1,200 பேருடையதாக இருக்கலாம் என்று சேக்ரமெண்டோ பத்திரிகை எழுதியது. அவர்கள் போட்ட தண்டவாளத்திலேயே, அவர்களே சரக்காக. அங்கிருந்து கடல் தாண்டி ஊருக்கு. இங்கே இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும். மகன் பணம் அனுப்புவான், கல்யாணத்துக்கு வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாளே ஒருத்தி, பெட்டியைத் திறக்கும்போது அவனை என்ன சொல்லி அழைத்திருப்பாள்? கம்பெனி எழுதாத அந்தப் பெயரைச் சொல்லித்தானே ஐயா!