கேமரா கிளம்பிய பிறகு: சுனாமிக்குப் பின் நாகை எழுந்த கதை

[திரையில்: நாகப்பட்டினம் கடற்கரை]

பேரிடர் வந்தால் அரிசி, போர்வை, மருந்து எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்குவதை டிவியில் பார்க்கிறோம். ஒரு மாதத்தில் கேமராக்கள் கிளம்பிவிடும். அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது, அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவி குவிந்தது, கூடவே பழைய துணியும் குவிந்து, தொட ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தது. முந்தின நாள் வரை மீன் விற்று, சொந்தக் காசில் சேலை எடுத்துக் கட்டிய ஒரு பெண்ணிடம் யாரோ கட்டிக் கழித்ததை நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், ஆனால் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, படகு விஷயத்துக்கு வருவோம். கட்டுமரங்களை அலை அடித்துக்கொண்டு போயிருந்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. பலர் மறுபடி கடலுக்குப் போனார்கள், அது பெரிய விஷயம். ஆனால் சுனாமிக்கு முன்பு இருந்ததை விட அதிகப் படகுகள் வந்துவிட்டதால் சில ஊர்களில் படகு இருந்தும் கூட வர ஆள் கிடைக்கவில்லை. அதே சமயம் கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், வயலில் கூலி வேலை பார்த்தவர்களும் தங்கள் பெயரில் படகோ நிலமோ இல்லாததால் நிவாரணப் பட்டியலில் பின்னால் தள்ளப்பட்டார்கள். என்னைக் கேட்டால், ஓர் உதவித் திட்டம் நல்லதா இல்லையா என்று பார்க்க முதலில் இவர்களைத்தான் தேட வேண்டும்.

[திரையில்: உப்புப் பூத்த வயல்]

பலருக்குத் தெரியாத பகுதி வயல்கள். கடல்நீர் உள்ளே வந்து சேற்றையும் உப்பையும் விட்டுப் போனது, இனி இங்கே நெல் விளையாது என்று பலரும் பயந்தார்கள். விவசாயிகள் படிந்த சேற்றை வழித்தெடுத்தார்கள், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்தார்கள், அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்தார்கள். உப்பைத் தாங்கி வளரும் செடி அது. பூக்கும் பருவத்தில் அதை அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகிவிடும். இயற்கை விவசாயி நம்மாழ்வார் இந்தப் பகுதியில் தங்கி வழிகாட்டினார். தொண்டு நிறுவனங்களின் பணம் விதைக்கும் கூலிக்கும் போனது, அதாவது தங்கள் வயலைத் தாங்களே மீட்டதற்கு மக்களுக்குச் சம்பளமும் கிடைத்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

வீடுகளிலும் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் வெயில் காலம் முழுக்க வெந்து கிடந்த குடும்பங்களுக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுத்தபோது, அதைக் கணவன் பெயரில் மட்டும் எழுதாமல் மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. அதுவரை தன் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லாமல் இருந்த பெண்கள் நிறையப் பேர். கூட்டுப் பெயரில் பதிந்த வீட்டை மனைவியின் கையெழுத்து இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.