லிட்டில் மிஸ் பிராட்வே: அனாதைச் சிறுமியும் ஆட்டக்காரர் விடுதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

1938 ஜூலையில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘லிட்டில் மிஸ் பிராட்வே’ படத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். இர்விங் கம்மிங்ஸ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், எழுபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். காதல், நகைச்சுவை, பாட்டு, காலடிச் சத்தத்தாலேயே தாளம் போடும் டாப் டான்ஸ் எல்லாம் இதில் உண்டு. நடுநாயகமாக ஷெர்லி டெம்பிள். அப்போது அவருக்குப் பத்து வயது. விளம்பரங்களில் ஒன்பது என்று போட்டார்கள். அவர் பிறந்தது 1928 ஏப்ரலில்தான் என்றாலும், ஸ்டுடியோ தொடக்கத்திலேயே ஒரு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டது.

கதை சின்னது. அனாதை இல்லத்தில் வளரும் பெட்ஸியை நியூயார்க்கில் நாடகக்காரர்கள் தங்கும் விடுதியின் நிர்வாகி பாப் ஷே தற்காலிகமாகத் தத்தெடுத்துக்கொள்கிறார். விடுதிக் கட்டடம் பக்கத்து வீட்டுப் பணக்காரச் சீமாட்டி சாரா வென்ட்லிங்குக்குச் சொந்தம். அந்த அம்மாளுக்கு ஒத்திகைச் சத்தம் ஆகாது. வாடகைப் பாக்கி 2,500 டாலரை உடனே வை, இல்லையென்றால் காலி செய் என்கிறாள். அவளுடைய தம்பி மகன் ரோஜருக்கோ, பாப் ஷேயின் மகள் பார்பரா மேல் காதல். சாரா தன் பிடியை இறுக்க, குழந்தை மறுபடி இல்லத்துக்குப் போகும் நிலை வருகிறது. ரோஜர் அத்தையை எதிர்த்து, தன் சொத்துப் பங்கைக் கேட்டு நீதிமன்றம் ஏறுகிறான். அந்தப் பணத்தில் விடுதிக்காரர்களை வைத்து ஒரு நிகழ்ச்சி போடுவது அவன் திட்டம். நிகழ்ச்சி தேறுமா என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டும். வழக்காடும் அறையே மேடையாகிவிடுகிறது.

இந்தக் கதையில் காதலரைச் சேர்ப்பதும், வழக்கைத் திருப்புவதும், பாக்கியைத் தீர்க்க வழி காட்டுவதும் அந்தப் பிள்ளைதான். பார்ப்பதற்கு யாராவது அவளைக் காப்பாற்றுகிற கதை போலத் தெரியும். உண்மையில் பெரியவர்கள் அத்தனை பேரையும் அவள்தான் தாங்குகிறாள். திரைக்கு வெளியிலும் நிலைமை அதுதான். 1935 முதல் 1938 வரை நான்கு வருடம் அமெரிக்கத் திரையரங்குக்காரர்களின் வாக்கெடுப்பில் வசூல் நட்சத்திரமாக முதலிடத்தில் இருந்தது இந்தச் சிறுமி. ஃபாக்ஸின் வரவு செலவே அவரை நம்பி ஓடியது. அந்த அலை நம் ஊருக்கும் வந்தது: 1937-இல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றுதான் அழைத்தார்கள்.

விடுதியை முதலில் பார்ப்போம். படத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. அங்கே தங்கியிருப்பவர்கள் வாட்வில் கலைஞர்கள். ஒரே மாலையில் எட்டு அல்லது ஒன்பது தனித்தனி உருப்படிகளைக் கோத்துத் தருவது வாட்வில். ஒவ்வொன்றும் பத்து முதல் இருபது நிமிடம். வரிசைக்குக் கண்டிப்பான கணக்கு உண்டு. முதல் உருப்படியில் பேச்சே இருக்காது. கழைக்கூத்து, சர்க்கஸ் வித்தை, பழக்கிய விலங்கு என்று ஏதாவது வரும். ஜனங்கள் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள், அப்போது வசனம் பேசினால் காதில் விழாது. இரண்டாவது பாட்டும் ஆட்டமுமாக ஒரு ஜோடி. இடைவேளைக்கு முன்னால் ஒரு பெரிய பெயர். கடைசிக்கு முந்தைய இடம்தான் ராஜ இடம், மாலையின் நட்சத்திரத்துக்கு உரியது. கடைசி உருப்படிக்கு மறுபடியும் பேச்சில்லாத ஆட்களைத்தான் போடுவார்கள், ஏனென்றால் பாதிப் பேர் எழுந்து கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பெரிய அரங்குகளில் நாளுக்கு இரண்டு காட்சி. சின்ன ஊர்களில் மூன்றும் நடக்கும், ஐந்தும் நடக்கும்.

இந்தத் தொழிலின் தலைமைக் கோயில் நியூயார்க்கின் பேலஸ் தியேட்டர். 1913-இல் திறந்த அந்த அரங்கு 1932-இல் சினிமாக் கொட்டகையாக மாறியது. பேசும் படமும் வானொலியும் வந்தபின், நாலு காசு குறைவாகக் கொடுத்து அதே நட்சத்திரங்களை ஜனங்கள் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. அப்புறம் பொருளாதார வீழ்ச்சி. ஆக, 1938-இல் அந்த விடுதியில் வாடகை பாக்கி விழுந்ததற்குத் திரைக்கதை தனியாகக் காரணம் சொல்லத் தேவையே இல்லை. அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியும்.

நடிகர்களும் அந்த உலகத்திலிருந்தே வந்தவர்கள். இசைக்குழுத் தலைவர் ஜிம்மி கிளேட்டனாக வருகிறார் ஜிம்மி டுராண்டே. மேடையில் அவருடைய மூவர் குழு ‘கிளேட்டன், ஜாக்சன், டுராண்டே’. பழைய கூட்டாளி லூ கிளேட்டனின் பெயரே பாத்திரத்துக்கும் வந்திருக்கிறது. குள்ள உருவக் கலைஞர்களான ஜார்ஜ் பிராஸ்னோவும் ஆலிவ் பிராஸ்னோவும் நிஜ அண்ணன் தங்கை, நிஜ வாட்வில் ஜோடி. சாராவாக எட்னா மே ஆலிவர். மூக்கைச் சற்றே தூக்கி ஒரு வாக்கியத்தை வெட்டி முடிப்பதிலேயே முழுப் பாத்திரத்தையும் காட்டிவிடுவார்.

அனாதை இல்லம் என்ற பகுதிக்கு வருவோம். அந்நாள் அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமையால் விட்டுப் போனவர்கள். வறுமைக்காக மட்டும் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 1909-இலேயே வெள்ளை மாளிகை மாநாடு சொன்னது. ஏழைத் தாய்மாருக்கு மத்திய அரசின் உதவித்தொகை 1935-ஆம் வருடச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் வந்தது. ஆனால் ஹாலிவுட்டுக்கு யாருமே இல்லாத பிள்ளைதான் வேண்டும். பெற்றவர் ஒருவர் இருந்தால் நடுக்கதையில் உரிமை கேட்டு வந்து நிற்பாரே! பெட்ஸியின் தத்து தற்காலிகமானது என்பதும் கவனித்து எழுதப்பட்ட விஷயம். நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் பயம் இல்லை. எந்த நேரமும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றால்தான் அடுத்த ஐம்பது நிமிடத்துக்குப் பதைப்பு நிற்கும்.

படத்தின் பலவீனம் காதலில் இருக்கிறது. 1934 முதல் தணிக்கை விதிகள் கடுமையாகிவிட்டதால் குடும்பப் படத்தில் காதலர்கள் நெருங்கவே யோசிக்க வேண்டும். அதனால் தூதுக்கு ஒரு குழந்தை. அது சரி, ஆனால் இங்கே ரோஜராக வரும் ஜார்ஜ் மர்ஃபி ஆடும் நல்ல ஆட்டமெல்லாம் பெட்ஸியோடுதான். பார்பராவாக நடித்த ஃபிலிஸ் புரூக்ஸுக்குச் சிரித்துக்கொண்டு நிற்பதைத் தவிர அதிக வேலை கொடுக்கவில்லை. அது அந்த நடிகைக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன்.

ஆட்டம் எப்படிப் படமாகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய ஸ்டுடியோ வழக்கப்படி பாட்டு முதலில் இசைக்குழுவோடு பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு வாயசைத்து ஆடுவார்கள். நம் படங்களிலும் பழகிய முறைதான். ஆனால் டாப் டான்ஸில் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. செருப்பின் முன்பக்கமும் குதிகாலிலும் உலோகத் தகடு பொருத்தியிருக்கும், அந்தச் சத்தமே தாளம். படப்பிடிப்பில் அந்தச் சத்தத்தைப் பிடித்தால் ஒலிபெருக்கியின் இசையும் கூடவே கலந்து வரும். எனவே படம் எடுத்து முடிந்தபின், ஆடியவரோ வேறொரு ஆட்டக்காரரோ திரையைப் பார்த்துக்கொண்டு பலகைமேல் அதே அடிகளை மறுபடி ஆட, அதைத் தனியாகப் பதிவு செய்வார்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டகம். இரண்டு சட்டகம் தப்பினாலே பாதம் தரையில் படுவதும் சத்தமும் ஒட்டாமல் தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் உயரம். மர்ஃபி ஏறக்குறைய ஆறடி ஆள். டாப் டான்ஸில் பாதம் தெரியாவிட்டால் பயனில்லை, ஆகவே இருவரையும் தலை முதல் கால் வரை காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டினால் குழந்தையின் தலைக்கு மேல் வெற்றிடம் விழும், பார்வை பெரியவர் மேலேயே போகும். ஷெர்லியின் படங்களில் படிக்கட்டும் மேடான தளமும் அடிக்கடி வருவது இந்த வித்தியாசத்தைக் குறைக்கவும் உதவுகிறது. எட்டு வைக்கும் தூரமும் இடிக்கும். பெரியவர் தன் இயல்பான எட்டை வைத்தால் குழந்தை ஓடத்தான் வேண்டும். மர்ஃபி முழங்காலைச் சற்று மடக்கி, எட்டைக் குறுக்கி, தோளை அவள் பக்கம் இறக்கி ஆடுகிறார். அப்படிக் குறுக்கியும் ஆட்டத்தில் சோர்வு தெரியாமல் பார்த்துக்கொள்வது பெரிய வித்தை. உச்சக்காட்சியில் நீதிமன்ற அறை மறைந்து, நியூயார்க்கின் நாடக அரங்குகளுக்குப் பேர்போன பிராட்வே வீதி விரியும்போது இதை நன்றாகப் பார்க்கலாம்.

இதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் நாள் எப்படி இருந்தது? இரவில் அம்மா கெர்ட்ரூட் வசனம் சொல்லிக்கொடுப்பார், தலையில் 56 சுருள் சுற்றுவார். ஸ்டுடியோ வளாகத்திலேயே தனிவீடு, தனி ஆசிரியை. சட்டப்படி நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. அதனால் விளக்குகளைச் சரிசெய்யும் நேரத்தில் அதே உயரமுள்ள வேறொரு சிறுமி அவர் இடத்தில் நிற்பாள். எல்லாம் தயாரானதும் பாடத்தை நிறுத்திவிட்டு ஷெர்லி வந்து சிரிக்க வேண்டும்.

சம்பளம்? இந்தப் படம் வந்த அதே 1938-இல், சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் கைவிடப்பட்ட பிள்ளையாக நடித்த ஜாக்கி கூகன், சிறுவயதில் தான் சம்பாதித்ததைக் கேட்டுத் தாய் மேலும் மாற்றாந்தந்தை மேலும் வழக்குப் போட்டார். சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கைக்கு வந்தது 1,26,000. அந்த அதிர்ச்சியில் 1939-இல் கலிஃபோர்னியா கூகன் சட்டத்தைக் கொண்டுவந்தது. நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களை மட்டுமே அது தொட்டதால் பெரிய ஓட்டை இருந்தது. 2000-இல்தான் திருத்தினார்கள்: சம்பாத்தியம் முழுவதும் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தை வேலைக்கு எடுத்தவரே அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். ஷெர்லி 32 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். வளர்ந்து கணக்குப் பார்த்தபோது மிஞ்சியது சுமார் 44,000.

படத்தைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. பின்னாளில் கணினியில் வண்ணம் ஏற்றிய பிரதியும் சுற்றுகிறது. அதை விட்டுவிடுங்கள். ஒளிப்பதிவாளர் ஆர்தர் மில்லர் கறுப்பு வெள்ளைக்கென்றே விளக்கு வைத்தவர். வண்ணம் பூசிய பிரதியில் முகங்கள் தட்டையாகி, பளபளப்பான தரையில் விழும் பாதங்களின் நிழல் மங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் பிரதியில், முதல்முறை ஷெர்லியைப் பாருங்கள். ஆட்டங்களை மட்டும் மறுபடி போட்டு, மர்ஃபியின் முழங்காலைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.