ஓடிபி சொன்னவர் மட்டும்தான் பொறுப்பா?

[திரையில்: கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல், மேலே தார்ப்பாய்]

மன்னார்குடி பக்கம் எங்கள் பெரியப்பா சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நாலு நாள் நெல்லோடு காத்துக் கிடந்து போட்டுவிட்டு வந்தார். பணம் கணக்கில் ஏறிய மறுநாளே ஒரு போன். "ஐயா, கேஒய்சி முடிக்கலைன்னா நெல்லுப் பணம் திரும்பிப் போயிடும், ஓடிபி வரும், சொல்லுங்க." சொன்னார். 62,000 ரூபாய் போய்விட்டது.

வங்கியில் கிடைத்த பதில்: "ஓடிபி நீங்கதானே சொன்னீங்க?"

விதி என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் மீதும் தப்பில்லை, வங்கி மீதும் தப்பில்லை, ஓட்டை வேறெங்கோ என்றால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து வந்து 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போனது எல்லாம் உங்கள் தலையில்தான், அதற்கு அப்புறம் போவது மட்டுமே வங்கியின் நஷ்டம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பணம் காற்றில் கரையவில்லை. யாரோ ஒருவரின் கணக்குக்குள்தான் போனது. ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கி அதைத் திறந்து கொடுத்ததும் ஒரு வங்கிதான். மோசடிக்காரருக்குக் கமிஷனுக்கு வாடகை விட்ட கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் ஏறி, சில நிமிடத்தில் காலியாவதைப் பார்க்க முடிந்தது அந்த வங்கிக்கு மட்டும்தான், பெரியப்பாவுக்கு இல்லை. மேலே கரை உடைந்து கிடக்க, கடைமடைக்காரரிடம் தண்ணீர் எங்கே என்று கேட்கிற கதை.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. அப்படியானால் மக்கள் அசட்டையாகிவிடுவார்களே என்பீர்கள். அங்கேயும் மிக மோசமான கவனக்குறைவு என்று வங்கி நிரூபித்தால் பணம் தர வேண்டியதில்லை, ஒவ்வொரு புகாரிலும் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். எனக்கு அந்த வாங்கிய வங்கியின் பாதிதான் முக்கியம். தன் கையிலிருந்து போகும் என்றால்தான் வாடகைக் கணக்குகளைத் தேடிப் பிடிப்பார்கள்.

சரி, நம் ஊரில் அது வரும் வரை?

பெரியப்பா வெட்கப்பட்டு ஐந்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் போய்ச் சேர்ந்த அந்தக் கணக்கு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உங்கள் வீட்டில் நடந்தால் திட்டாதீர்கள், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், அப்புறம் கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.