ராக்கெட் ஏறிப் பார்த்த ஓசோன்

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வு பலூன்கள் பெரும்பாலும் 35 கிலோமீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். செயற்கைக்கோளோ 100 கிலோமீட்டருக்கு இறங்கினால் தாக்குப்பிடிக்காது. நடுவில் இருக்கும் காற்றுக்குள் கருவியோடு போக வேண்டுமானால் ராக்கெட்தான். அதற்கும் கிடைப்பது சில நிமிடங்கள்.

அங்கே ஓசோன் எவ்வளவு என்று அறிய, காற்றைப் பிடித்து வர வேண்டியதில்லை, சூரியனைப் பார்த்தாலே போதும். 290 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாக் கதிரை ஓசோன் விழுங்கிவிடுவதால், அது தரைக்கு வருவதே இல்லை எனலாம். ராக்கெட் ஏற ஏறத் தலைக்கு மேலே ஓசோன் குறையும், கதிர் கூடும். எந்த உயரத்தில் எவ்வளவு கூடியது என்று கணக்குப் போட்டால், அந்த அடுக்கின் ஓசோன் அளவு வந்துவிடும்.

சொல்வதற்கு எளிதுதான். 1946 ஜூன் 28 அன்று, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் டௌசி குழு, ஜெர்மனியிடம் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டின் மூக்கில், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் படச்சுருளில் பதிக்கும் நிறமாலைக் கருவியை வைத்து அனுப்பியது. ராக்கெட் தலைகுப்புற விழுந்து மண்ணுக்குள் புதைந்தது. தோண்டிப் பார்த்தும் படச்சுருள் கிடைக்கவில்லை.

அக்டோபர் 10 அன்று கருவியை வால் சிறகுக்கு மாற்றினார்கள். மூக்கு நொறுங்கினாலும் வால் தப்பும் என்ற கணக்கு! சுழலும் ராக்கெட்டைச் சூரியன் பக்கம் திருப்பி வைக்கவும் அப்போது வழியில்லை. அதனால், கருவிக்குள் ஒளி நுழையும் வழக்கமான மெல்லிய பிளவுக்குப் பதிலாக, கடுகளவே ஆன லித்தியம் ஃபுளோரைடு மணிகளைப் பொருத்தினார்கள். அகலமான கோணத்திலிருந்து வரும் வெளிச்சத்தை அவை உள்ளே வாங்கும். சாதாரணக் கண்ணாடி மறிக்கும் புற ஊதாவையும் விட்டுவிடும். இந்த முறை படச்சுருள் கிடைத்தது. 88 கிலோமீட்டர் வரை எடுத்த நிறமாலைகள் அதில் இருந்தன. உயரம் கூடக் கூட, ஓசோன் மறைத்திருந்த புற ஊதாப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. எனக்கு அந்தக் கடுகு மணிதான் ராக்கெட்டைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது.

அப்புறம் படச்சுருளைத் தேடும் வேலை ஒழிந்தது. ஒளியின் வலிமையை அளக்கும் ஒளிமானி அளந்ததை ரேடியோவே தரைக்குச் சொல்லிவிடும். ஆனால் வேறொரு தலைவலி. சூரியனின் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மிக வலுவானது. புற ஊதாவை மட்டும் உள்ளே விட வேண்டிய வடிகட்டி வழியாக அதில் துளி கசிந்தாலும் புற ஊதாக் கணக்கு கெட்டுவிடும். கருவிக்குக் கருவி முடிவு மாறவும் இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. அதனால்தான் 1983 மார்ச்சில், திருவனந்தபுரம் அருகே தும்பாவில், இந்தியக் கருவிகளையும் சோவியத் கருவிகளையும் அடுத்தடுத்து ஏவி, ஒன்று சொன்னதை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.