எதிரொலியை வேலைக்கு வைத்தவர்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் என் பேரன் வைஃபை பெட்டியைக் காட்டி, "தாத்தா, இதுக்கு எதுக்கு நாலு கொம்பு?" என்றான். ஜாலஹள்ளி பி.இ.எல்.லில், அதாவது பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில், 33 வருஷம் வேலை பார்த்தவன் நான். அவனுக்குச் சொன்னதைத்தான் இந்த அல்சூர் ஏரிக்கரையில் உங்களுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

அந்தக் கொம்புகளுக்குப் பின்னால் ஒரு பொள்ளாச்சிக்காரர் இருக்கிறார். பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பிறந்தவர். பேராசிரியர் என்றால் நூலகத்திலேயே வளர்ந்தவர் என்று நினைக்காதீர்கள். 15 வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமி, பிறகு கடற்படை. 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 194 பேர் கரை திரும்பவில்லை. நீர்மூழ்கி வரும் சத்தத்தைக் கேட்க வேண்டிய சோனாருக்குக் காது மந்தம். அதைத் தேற்றும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1973இல் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். பின்பு கொச்சியில் இவர் தலைமையில் உருவான அப்சோ சோனார் 1983இல் கப்பலேறியது. அதைத் தயாரித்தது எங்கள் பி.இ.எல். பெருமையடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1986இல் இதே பெங்களூரில் செயற்கை நுண்ணறிவுக்கென்று கேர் ஆய்வகத்தைத் தொடங்கி வைத்த இயக்குநரும் இவர்தான்.

நாற்பதுகளின் பிற்பகுதியில், மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் போடும் வயதில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கலந்து வரும் ரேடியோ அலைகளைப் பிரிப்பது அங்கே அவருடைய ஆய்வு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் நெருங்க நெருங்க, எது எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அலைகள் வழியில் மோதிச் சிதறி வந்தால் பிரிக்க முடிந்தது!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏரிக்கு அக்கரையில் இரண்டு பேர் தோளோடு தோள் உரச நின்று ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நமக்கு வருவது ஒரே கூச்சல். அவர்களைச் சுற்றிச் சுவர்களை எழுப்புங்கள். ஒவ்வொரு குரலும் வேறு வேறு சுவரில் பட்டு, வேறு வேறு நேரத்தில் வரும். நம் காதுக்கு அது இன்னும் பெரிய இரைச்சல்தான். கணக்குக்கோ அதுவே ஆளுக்கொரு அடையாளம். அதுவரை ரேடியோக்காரர்கள் திட்டித் தீர்த்த எதிரொலியை இவர் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரே கருவியில் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் வெவ்வேறு தகவல்களை அனுப்பலாம் என்றார். அதுதான் மைமோ. அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் கிடைத்தது.

உடனே மாலை விழவில்லை. நடக்காது என்றவர்கள் நிறைய. 1998இல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, கருவி செய்தே காட்டினார். 2003இல் இன்டெல் அதை வாங்கியது. 2010இல் பத்ம பூஷண், 2014இல் மார்க்கோனி பரிசு. இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாம் மைமோவில்தான் ஓடுகின்றன.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ உன் போன்ல கொம்பு எங்கே?" என்றான் பேரன். உள்ளே, விளிம்போரம் ஒளிந்திருக்கிறது என்றேன். நம்பவில்லை. பழைய போன் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான். யாரிடமாவது இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்.